பதினேழாம் தடியின் முதல் பலன்

முதல் காளானில்தான் மருந்து முழுவதும் இருக்கிறது என்று டாக்டர் பெனிட்டா சொன்னபோது, மேபல் கையிலிருந்த தண்ணீர்க் குழாயை மூட மறந்துபோனாள். தண்ணீர் சாக்குப் படுதாவை நனைத்து, தரையை நனைத்து, டாக்டரின் செருப்பு வரைக்கும் ஓடியது.

"மேபல், தண்ணி."

"மன்னிச்சுக்கிடுங்க டாக்டர்." குழாயை மூடினாள். "முதல் காளான்லயா?"

"முதல் பறிப்புல இருக்கிறது, ரெண்டாவதுல இருக்கிறதைப் போல இருபது மடங்கு. மூணாவது வெறும் கசப்பு. நாம மூணையும் ஒண்ணாப் பொடிச்சுக் கஷாயத்துக்குக் குடுத்துட்டிருந்தோம். அதனால இத்தனை நாளாத் தெரியல. சென்னையிலேருந்து சோதனை முடிவு இன்னைக்குத்தான் வந்தது."

"அது எப்படி டாக்டர், ஒரே தடியில வாறதுதானே எல்லாம்?"

டாக்டர் பக்கத்திலிருந்த தடியைத் தொட்டுக்காட்டினார். "நாம இதுக்குள்ள துளை போட்டு வைக்கிறது நோயாளியோட சளி. அதுல கல்தூசு இருக்கு. தூசு நெஞ்சுல உண்டாக்குன ரணமும் இருக்கு. மரத்துக்குள்ள பரவிக் கிடக்கிற காளான் நூல் அதை எதிரின்னு நினைச்சு ஆறு மாசம் சண்டை போடுது. ஜெயிச்ச சூட்டுல எதை முதல்ல வெளியே தள்ளுதோ அதுதான் பதில். அப்புறம் வர்றதெல்லாம், சண்டையை மறந்துட்டு வர்றது."

மேபலுக்கு அந்தக் கடைசிச் சொல் மட்டும் காதில் நின்றது. தடி மறந்துவிடும். மனிதருக்குத்தான் மறக்க வாய்ப்பதில்லை.

வெட்டிய மரத்துண்டை அந்தப் பக்கத்தில் தடி என்பார்கள். குமரி மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தில், பால் வற்றிப்போன ரப்பர் மரங்களை மூன்றடி நீளத்துக்கு அறுத்து அந்தச் சிறிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். மொத்தம் நாற்பது. ஒவ்வொரு தடியிலும் எண் பொறித்த ஒரு தகரத்தைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். எண்ணுக்கு ஒரு மனிதர். எல்லாரும் ஒரே குவாரியில் கல் உடைத்தவர்கள். இருபது வருடம் உள்ளே போன கல்தூசு நெஞ்சைக் கல்லாக்கிவிட்ட பிறகு, நாலு படி ஏற முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஒருவருடைய தடியில் விளைந்தது ஒருவருக்கே மருந்து என்பது கொட்டகையின் சட்டம். தடிகளுக்குத் தண்ணீர் தெளிப்பதும், காளான் முற்றியதும் அறுத்து உலர்த்துவதும், நிறை பார்த்துப் பதிவேட்டில் எழுதுவதும் மேபலின் வேலை. எட்டு வருடமாக அவள் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

"சனிக்கிழமை கமிட்டி கூடுது" என்றார் டாக்டர். "நாற்பது பேருல மூணு பேர் தடி காய்க்கும் முன்னாடியே போயிட்டாங்க. முப்பத்தாறு பேருக்கு மூச்சு திரும்பியிருக்கு. பிடிக்காமப் போனது பதினேழு மட்டும்தான். அவர் பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டா?"

"வெளியே முன்னூறு பேர் காத்திருக்காங்க மேபல். பிடிக்காதவருக்கு ரெண்டாம் தடி குடுக்க எங்க இடம்? அவர் மருந்தை முழுசாத்தானே சாப்பிட்டிருக்கார். உங்க பதிவேட்டிலேயே இருக்கு."

அவள் பதிவேட்டிலேயே இருந்தது. அவள் கையெழுத்தில்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காலைநேரம் அது. அந்தப் பருவத்தில் முதன்முதலாகக் காய்த்தது பதினேழாம் தடி. உள்ளங்கை அகலம், செம்பருந்தின் நிறம், மேலே எண்ணெய் பூசினாற்போல் பளபளப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை. மறுநாள் சபையில் அறுப்பின் பண்டிகை. மேபலின் வீட்டில் கோழி இட்ட முதல் முட்டையை யாரும் தின்றதில்லை. முதல் பலாப்பழம், முதல் தேங்காய், அவள் வாங்கிய முதல் சம்பளம் எல்லாம் ஆண்டவருடைய மேசைக்குப் போனவைதான். அந்த வீட்டில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, மூச்சு விடுவதுபோலச் செய்வார்கள். கொட்டகையின் முதல் பலனும் அப்படித்தான் போகவேண்டும் என்று அவளுக்குப் பட்டது. இதே தடியில் இன்னும் இரண்டு பறிப்பு வரும். ஒன்று போனால் என்ன குறைந்துவிடும்?

அறுத்தாள். தாம்பாளத்தில் வைத்துத் துணியால் மூடி எடுத்துப் போனாள். பிறகு வந்த பறிப்பில் கொஞ்சம் கூட்டி எழுதி, நிறை குறையாமல் பார்த்துக்கொண்டாள். அதை அவள் பொய் என்று எண்ணவில்லை. கர்த்தருக்குக் கொடுத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் எழுதாமல் விட்டதாகவே எண்ணினாள்.

தனக்கு உரியதைக் கொடுத்தால் அது காணிக்கை. அடுத்தவன் மூச்சை எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? டாக்டர் சொன்னதைக் கேட்ட அன்று முழுவதும் அவள் ஜெபிக்க முயன்றாள். வார்த்தைகள் வந்தன. ஆனால் உதட்டைத் தாண்டி எங்கும் போகவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. பதினேழாம் தடிக்கு உரியவரான தாசையன் வருகிற நாள்.

மருந்து பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் தாசையன் வியாழக்கிழமை தவறாமல் வந்து தன் தடியைப் பார்த்துவிட்டுப் போவார். ஐம்பத்தெட்டு வயது. பாறையில் வெடிவைக்கக் குழி போட்ட கை. வாசலிலிருந்து பதினேழாம் தடி வரைக்கும் இருபது அடி. அதற்குள் இரண்டு முறை நின்றார்.

"எப்படி இருக்கான் எனக்க தம்பி?"

"தடிக்கு என்ன அண்ணே, நிக்குது."

"அவனும் என்னப்போலத்தான். பாலெல்லாம் குடுத்துத் தீத்துட்டான், உடம்பு முழுசும் வெட்டு." தடியின் தழும்புகளைத் தடவினார். "இவன் எனக்கு ஒரு குறையும் வைக்கல்ல பிள்ளே. எனக்க நெஞ்சுதான் நன்றி கெட்டது. அவன் தந்ததப் பிடிச்சு வைக்கத் தெரியல்ல."

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவளிடம் கொடுத்தார். வாழையிலையில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, இன்னும் சூடாக. "ரோஸ்பாய் தந்துவிட்டா. நீ காலையில ஒண்ணும் தின்னாம வருவேண்ணு அவளுக்குத் தெரியும்."

அந்தப் பொட்டலத்தை மேபல் பிரிக்காமலே ஓரமாக வைத்தாள். அவர் போனதும் நேரே டாக்டரின் அறைக்குப் போய், உட்காரச் சொன்னபோதும் உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் பெனிட்டா எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற தடியில எடுத்தீங்களா?"

"இல்ல டாக்டர். அந்த ஒண்ணுதான்."

"நான் நம்புறேன். கமிட்டி நம்பாது. ஒரு எண் பொய்னா நாற்பதும் சந்தேகம். கொட்டகையைப் பூட்டிருவாங்க. திறக்க மாசக்கணக்காகும், திறக்காமலே போனாலும் போகலாம். அந்த முன்னூறு பேரை நினைச்சுப் பாருங்க." குரலைத் தாழ்த்தினார். "நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருக்கச் சொல்றேன்."

"அப்போ தாசையன் அண்ணன்?"

டாக்டர் மேசையிலிருந்த நோயாளிப் பட்டியலைத் தள்ளி வைத்தார். கெட்டவர் இல்லை அவர். ராத்திரி பகல் பாராமல் அந்தக் கொட்டகையைக் கட்டியெழுப்பியவர். முன்னூறு பேரை ஒரு தட்டிலும் ஒருவரை மறு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குத் தெரிந்தவர். மேபலுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. ஆனால் தட்டில் இருந்த அந்த ஒருவர் கிழங்கு கொண்டுவந்தாரே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவள் குவாரிக்குக் கீழே இருந்த தாசையன் வீட்டுக்குப் போனாள். கமிட்டியிடம் சொல்லுவதா வேண்டாமா என்பது பிறகு. அவரிடம் சொல்லாமல் இன்னொரு வியாழக்கிழமையைப் பார்க்க அவளால் ஆகாது.

தாசையன் கட்டிலில் சாய்ந்து, முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். ரோஸ்பாய் அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா மேபலு. என்ன, தடி நடந்து வந்து என்னப் பாக்கணும்னு சொல்லிச்சா?"

அவள் சிரிக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. முதல் காளானில் மருந்து இருந்தது, அதை அவருக்குத் தராமல் கோயிலில் வைத்தது, நிறையைக் கூட்டி எழுதியது, நாளை பட்டியலில் அவர் பேர் போகப்போவது எல்லாவற்றையும். அடுக்களையில் தண்ணீர் சத்தம் நின்றுபோனது.

தாசையன் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "அந்தக் கூணுல ஒரு கம்பி இருந்துது" என்றார். காளானை அவர்கள் கூண் என்பார்கள்.

"என்ன அண்ணே?"

"நம்பரு கட்டுன கம்பி. கூணு வளந்து அதையும் சேத்து விழுங்கிட்டு. வாரம் வாரம் பாத்துட்டுதானே இருந்தேன். பண்டிகையன்னு மேசையில வாழக்கொலைக்கும் சேனைக்கும் நடுவுல அது இருக்கு, ஓரத்துல கம்பி நீட்டிட்டு. எனக்க கூணு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல்ல?"

"கர்த்தருக்கு வச்சத எனக்குத் தாண்ணு கேக்கியதா? அந்த வருசம் எல்லாரும் என்னவெல்லாமோ கொண்டுவந்து வச்சாவ. எனக்கு வைக்க ஒண்ணுமில்ல. வேலைக்குப் போயி வருசம் ரெண்டாச்சு. அப்போ பாத்தா, எனக்க தடி தந்தது அங்க இருக்கு. நீ எனக்காண்டி வச்சேண்ணு நினச்சேன் பிள்ளே. ஆராதனை முழுசும் எனக்குக் கண்ணு நிறஞ்சு போச்சு."

அடுக்களை வாசலில் ரோஸ்பாய் வந்து நின்றாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

"ரெண்டு வருசம், மேபலு" என்றாள். குரல் உயரவில்லை. "ரெண்டு வருசமா இந்த மனுசன் உக்காந்துதான் உறங்கியாரு. நீ கோயில்ல எனக்கு முன் பெஞ்சுலதான் இருந்த."

மேபல் தலை குனிந்தாள். மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. ரோஸ்பாயின் முகத்தைப் பார்த்த பிறகு அதைக் கேட்பதுகூட இன்னொன்றை எடுப்பதுபோல் இருந்தது. கேட்கவில்லை.

"அவள விடு ரோசு" என்றார் தாசையன். "அந்தக் கூண நானும்தான் வெளிய குடுத்தேன்."

"நீங்களா?"

"பொறவு யாரு? ஆராதனை முடிஞ்சு காணிக்கையெல்லாம் ஏலம் விட்டப்போ அத எடுக்க ஆளில்ல. ஏலம் விட்ட ஸ்டீபன் தூக்கிக் காட்டி, இது எந்தச் செருப்புக்க அடிப்பாகம்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாவ. எனக்கு மனசு கேக்கல்ல. நான் எடுத்தேன். எடுத்து வீட்டுக்குக் கொண்டு வாற வழியில கிங்ஸ்லி நிக்கான். நானும் அவனும் ஒரே பாறையில ஒண்ணாக் குழி போட்டவங்க. பட்டியல்ல அவனுக்கு நாப்பத்தொண்ணாம் எடம். ஒரு எடத்துல தப்பிட்டு. இருமி இருமி ரத்தம் வருது அவனுக்கு. எனக்கு இன்னும் ரெண்டு பறிப்பு உண்டு, அவனுக்கு ஒண்ணுமில்லியே. இந்தாடே, கொதிக்க வச்சுக் குடின்னு குடுத்துட்டேன். டாக்டரம்மா அறிஞ்சா ஏசுவாவன்னு யாருகிட்டயும் சொல்லல்ல."

மேபல் மெதுவாகக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். "கிங்ஸ்லி அண்ணன் குடிச்சாரா?"

"ஒரு மாசம் வச்சுக் குடிச்சான்."

"இப்போ அவரு...?"

தாசையன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். மூவரும் ஒரே நேரத்தில் சந்தை முக்கைப் பற்றித்தான் நினைத்தார்கள். அங்கே கிங்ஸ்லி வாழைக்குலைக் கடை போட்டு ஒன்றரை வருடமாகிறது. குலையைத் தோளில் ஏற்றி லாரியிலிருந்து இறக்குகிறான். குவாரியை விட்டதால் இருமல் நின்றது என்று ஊர் சொன்னது. ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னபோது அவனும் அப்படித்தான் சொன்னான். பட்டியலில் இல்லாதவன் ஆதலால் எந்த டாக்டரும் அவன் நெஞ்சை மறுபடி பார்த்ததில்லை.

"அவனுக்க தடி இல்லியே அது" என்றார் தாசையன். "எனக்க சளி வச்ச தடி. அது எப்படி அவனுக்குக் கேக்கும்?"

"ஒரே பாறைதானே அண்ணே" என்றாள் மேபல். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல எழுந்தாள்.

தாசையன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே வெகுநேரமானது. ரோஸ்பாய் அவர் முதுகைத் தடவிக்கொண்டே மேபலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் அப்படியே இருந்தது. "போ" என்றாள். "நிக்காத. அவனக் கூட்டிட்டுப் போ."

கிங்ஸ்லி கடையை விட்டு வர மாட்டேன் என்றான். "எனக்கு ஒரு கேடும் இல்ல. சும்மா கெடக்கியத ஏன் கிண்டணும்?" தாசையன் அண்ணனுக்காக என்று மேபல் சொன்னதும், மறுபேச்சில்லாமல் கடையைப் பக்கத்துக்காரரிடம் விட்டுவிட்டு வந்தான்.

டாக்டர் பெனிட்டா அவனுடைய பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக மாட்டினார். பழையதில் நெஞ்சு முழுவதும் சுண்ணாம்பு தெளித்தாற்போல் இருந்தது. புதியதில் ஓரங்களில் கொஞ்சம் மட்டும். மேபல் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஆளுக்கு ஒரு தடின்னு நான்தான் விதி போட்டேன்" என்றார். தனக்குள் பேசுவதுபோல் இருந்தது. "யாரும் கேக்கல. ஒரு தடி மருந்தை இன்னொருத்தருக்குக் குடுத்துப் பார்க்கத் தைரியம் இல்ல. ஒரே தூசுக்கு ஒரே பதில் போதும்னா, ஒரு தடியில எத்தனை பேர்..."

அவர் முடிக்கவில்லை. முன்னூறு பேர் வரிசையில் நின்றதும், அந்த வரிசையில் இந்த வருடம் மட்டும் பதினோரு பேர் போய்ச் சேர்ந்ததும் அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். குற்றம் ஒருத்தியிடம் மட்டும் இல்லை என்று அறிவதில் மேபலுக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை.

"இதைச் சொல்லணும்னா முதல் காளான் எங்க போச்சுன்னும் சொல்லணும்" என்றார் டாக்டர். "ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைக்க முடியாது."

"சொல்லுவேன் டாக்டர்."

"உங்க வேலை போயிரும்."

"தெரியும்."

"எனக்கும் ஏதாவது போகும்" என்று சொல்லி டாக்டர் பேனாவைத் திறந்தார்.

சனிக்கிழமை கமிட்டியில் மேபல் பதிவேட்டைத் திறந்து, பதினேழாம் எண்ணின் எதிரே இருந்த நிறையை ஒரு கோட்டால் அடித்தாள். முதல் பறிப்பு நோயாளிக்குக் கொடுக்கப்படவில்லை என்று எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில் தன் முழுப் பெயரை எழுதினாள். வேறு காரணம் அவளுக்குத் தோன்றவில்லை.

டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கொட்டகை பூட்டப்பட்டது. மேபலை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பெரிய ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து எல்லாத் தடிகளையும் சோதித்தார்கள், கிங்ஸ்லியை நாலு முறை படம் எடுத்தார்கள். வரிசையில் நின்றவர்களில் சிலர் மேபலைத் தெருவில் கண்டு முகம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண், கணவனைப் புதைத்த பத்தாம் நாள், அவள் வாசலில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றுவிட்டுப் போனாள். மேபல் அந்த நாட்களிலும் கோயிலுக்குப் போனாள். கடைசிப் பெஞ்சில் இருந்தாள். தாசையன் பேரைச் சொல்லி ஜெபித்தாள், தன் பேரைச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்துப் புது விதியோடு கொட்டகை திறந்தது. ஒரே குவாரிக்காரர்களுக்கு ஒரே கஷாயம், முதல் பறிப்பில் மட்டும். பூட்டும் முன்பே புதிதாக மாற்றிச் சளி வைத்திருந்த ஒரு தடி, திறந்த வாரமே காய்த்தது. காலையில் டாக்டர் பெனிட்டா ஒரு தூக்குவாளியோடு மேபல் வீட்டு வாசலில் நின்றார்.

"முதல் ஆளுக்கு இது. கொண்டு போகவேண்டியது நீங்கதான்."

தாசையன் இப்போது கட்டிலை விட்டு இறங்குவதில்லை. இரண்டு சொல்லுக்கு நடுவே ஒரு மூச்சு என்றிருந்தது, இப்போது ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு. இவ்வளவு தாமதத்துக்குப் பிறகு மருந்து பிடிக்குமா என்று கேட்டதற்கு, மூன்று மாதம் போனால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரோஸ்பாய் தூக்குவாளியை வாங்கி டம்ளரில் ஊற்றினாள். மேபலை உட்கார் என்று சொல்லவில்லை. ஆனால் முக்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

தாசையன் டம்ளரை வாங்கி மணந்து பார்த்தார். "கொட்டகையில... இதுதான்... முதல்லியா?"

"ஆமா அண்ணே."

"கோயிலுக்கு?"

"இல்ல அண்ணே. உங்களுக்கு."

அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போனது. வேலிக்கு அப்பால், அடுத்த வீட்டு முற்றத்தில், யாரோ நிறுத்தாமல் இருமிக்கொண்டிருந்தார்கள். தாசையன் ரோஸ்பாயைப் பார்த்தார். "இன்னொரு... டம்ளர்..."

"ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மேபல். அவள் குரல் அந்த வீட்டில் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. "அவருக்கு நாளைக்கு வரும். பட்டியல்ல அவரு ரெண்டாவது. இத முழுசும் நீங்க குடிச்ச பொறவுதான் நான் இஞ்சயிருந்து எழும்புவேன்."

"பாத்தியா... ரோசு. தடிக்காரி... அதிகாரம்."

"குடியுங்க" என்றாள் ரோஸ்பாய். "அவ சொல்லியதுதான் சரி." நாலு மாதத்தில் மேபலைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கசப்பில் முகத்தைச் சுளித்து, நின்று நின்று, மூச்சு வாங்கி வாங்கி அவர் குடித்தார். ஒவ்வொரு மடக்கையும் மேபல் தானே விழுங்குவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தார். அடியில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது. வேலிக்கு அப்பால் இருமல் நிற்கவில்லை.

தாசையன் கண்ணை மூடிக்கொண்டு, உறங்குகிறவர்போலச் சாய்ந்தார்.

மேபல் அந்த ஒரு மடக்கைப் பார்த்தாள். பிறகு டம்ளரை எடுத்து, அவர் தலையைத் தன் கையில் தாங்கி, அவர் உதட்டில் வைத்தாள். அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். மறுத்துத் தலையசைக்கப் பார்த்தார்.

"எனக்காண்டி அண்ணே" என்றாள்.

அவர் குடித்தார்.